கதவுக்கு வெளியே தங்கப்பழம்

மலையடிவாரத்தில் பாறை மடம் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு குரு. யார் கேள்வி கேட்டாலும் கேட்டவர் குரலிலேயே பதில் சொல்வார். அதனால் அவரிடம் வாயைத் திறக்கவே பலருக்குப் பயம்.

"உப்புப் போதுமா சாமி?" என்று சமையல்கார இசக்கியம்மா கேட்பாள்.

"போதாது இசக்கி" என்று இசக்கியம்மாவின் குரலே அடுப்புக்குப் பின்னாலிருந்து வரும். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். குரு சிரிக்க மாட்டார். பாறை சிரிக்கும்.

அவருடைய சீடர்களில் தங்கப்பழம் என்பவன் குருவைவிட மூத்தவன். பகலில் செங்கல் சூளையில் வேலை, ராத்திரி மடத்தில் படுக்கை. குரு அவனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

சூளையில் ஆறிக்கொண்டிருந்த செங்கல் அடுக்குக்குள் தங்கப்பழத்துக்கு ஒரு நாய்க்குட்டி கிடைத்தது. கன்னங்கரேலென்று இருந்ததால் உளுந்து என்று பேர் வைத்தான். அன்றோடு மடத்தின் நிம்மதி போயிற்று.

காலையில் அவன் புறப்பட்டதும் உளுந்து ஊளையிடத் தொடங்கும். அவன் திரும்பி வரும்வரை நிறுத்தாது. கதவு நிலையைக் கடித்துத் துப்பியிருக்கும். வாயிலிருந்து வடிந்த எச்சில் தரையில் குளம் கட்டியிருக்கும். அந்த ஊளையைப் பாறை வாங்கி, இன்னும் நீளமாக்கித் திருப்பித் தரும்.

"நாய் அழுத வீட்டுல எவனாவது சாவான்" என்றாள் இசக்கியம்மா. "சொல்லிட்டேன் தங்கப்பழம். நாளைக்கு ஒரே ஒரு ஊளை கேக்கட்டும், சாக்குல கட்டிப் பால் வண்டியில ஏத்திருவேன். சந்தையில எவனாவது எடுத்துக்கிடட்டும். எடுக்காட்டியும் சரி."

ராத்திரி பெய்த மழையால் மறுநாள் சூளைக்கு விடுமுறை. தங்கப்பழம் குட்டியைத் தூக்கிக்கொண்டு குருவிடம் போனான்.

"சாமி, நான் இல்லாம இருக்க இதுக்குத் தெரியல. என்ன செய்ய?"

"காலையில எப்படிப் புறப்படுவீரு? செஞ்சு காட்டும்."

தங்கப்பழம் மண்டியிட்டான். குட்டியின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தினான்.

"அப்பா வேலைக்குப் போயிட்டு வந்துருவேன், என்ன? பயப்படாத. வந்துருவேன். நிச்சயமா வந்துருவேன். அழக்கூடாது, என்ன?"

"அப்புறம்?"

"கதவைச் சாத்திட்டுப் போயிருவேன்."

"நேரா சூளைக்கா?"

தங்கப்பழம் தரையைப் பார்த்தான். "ஆமா சாமி."

குரு எழுந்தார். அவனையும் குட்டியையும் அவன் அறைக்குள் விட்டார்.

"இன்னிக்கு நீரு உள்ள இரும். நான் உம்ம மாதிரிப் போறேன்."

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவுக்கு அடியில் மட்டும் ஒரு விரல் தடிமனுக்கு வெளிச்சம். தங்கப்பழம் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. தங்கப்பழத்தின் இடது செருப்புக்கு வார் அறுந்திருந்தது. அவன் நடந்தால் ஒரு தட்டு, ஒரு இழுப்பு. அதே தட்டு, அதே இழுப்பு. அவன் குனிந்து பார்த்தான். செருப்பு அவன் காலில்தான் இருந்தது.

பிறகு அவனுடைய பீடி இருமல். பிறகு அவன் குரல்.

"அப்பா வேலைக்குப் போயிட்டு வந்துருவேன், என்ன? பயப்படாத."

மடியில் குட்டி நடுங்கத் தொடங்கியது.

"ஏலே, நான் இங்கதான இருக்கேன்" என்றான் தங்கப்பழம்.

குட்டி அவனைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தது.

"வந்துருவேன். நிச்சயமா வந்துருவேன்" என்றது கதவுக்கு வெளியே இருந்த தங்கப்பழம்.

திரும்பி வரப்போகிறவன் இப்படிச் சொல்ல மாட்டான் என்று உள்ளே இருந்தவனுக்குத் தோன்றியது.

தட்டும் இழுப்பும் தூரமாகப் போயின. வெளிவாசல் கேட் கிறீச்சிட்டது. பிறகு ஒன்றுமில்லை.

உளுந்து கொஞ்ச நேரம் காதைத் தூக்கிக் கேட்டது. அப்புறம் திரும்பி அவன் கையை மோந்தது. சரி, ஆள் இங்கேதான் இருக்கிறான் என்று சுருண்டு படுத்துத் தூங்கிவிட்டது.

தங்கப்பழம்தான் தனியாக விழித்திருந்தான்.

"தங்கப்பழம் போயாச்சா?" முற்றத்தில் இசக்கியம்மாவின் குரல்.

"இப்பத்தான் போறாரு. பாலத்துக்கிட்ட பாத்தேன்." அது பால் வண்டிக்காரன் குரல்.

"அப்பாடா, முற்றம் விசாலமா இருக்கு."

இருவரும் சிரித்தார்கள்.

"அக்கா!" என்று கத்தினான் தங்கப்பழம். "நான் உள்ள இருக்கேன்!"

சிரிப்பு நின்றது. ஒரு தட்டு, ஒரு இழுப்பு. கதவுக்கு மிக அருகில் அவனுடைய குரலே கேட்டது.

"யாரு உள்ள?"

"நான்... தங்கப்பழம்."

"தங்கப்பழம் சூளைக்குப் போயிட்டானே."

சொல்லிவிட்டு அந்தக் குரல் பீடி இருமல் இருமியது. தட்டு, இழுப்பு, தட்டு, இழுப்பு. போய்விட்டது.

தங்கப்பழம் எழுந்தான். கதவைத் தட்டினான். தாழ்ப்பாள் இருக்கும் இடத்தை நகத்தால் பிராண்டினான். அறைக்குள் எங்கிருந்தோ ஒரு சத்தம் கிளம்பியது. பாறை அதை வாங்கி நீளமாக்கித் திருப்பித் தந்தபோதுதான், அது தன் தொண்டையிலிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

குட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. எழுந்து வந்து அவன் பாதத்தின் மேல் படுத்துக்கொண்டது.

கதவு திறந்தது. குரு நின்றிருந்தார்.

"ஊளைச் சத்தம் கேட்டுச்சே. குட்டியா?"

"இல்ல சாமி." அவன் முற்றத்தை எட்டிப் பார்த்தான். "இசக்கியக்காவும் பால்காரரும்..."

"இசக்கி துணி துவைக்க ஆத்துக்குப் போயிருக்கா. பால் வண்டி நாளைக்குத்தான் வரும்."

"அப்ப பேசினது?"



"எதுக்குப் பயந்தீரு அண்ணாச்சி?"

"அந்தக் குரலுக்கு. அது திரும்பி வராதவன் குரல் சாமி."

"யாரோட குரல்?"

தங்கப்பழம் வாயைத் திறந்தான். தன் குரலைக் கேட்கப் பயந்து மூடிக்கொண்டான்.

"நல்லது. இப்ப அந்த வாய் மூடியே இருக்கட்டும். கிணறு வரைக்கும் போய்ட்டு வாரும்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். குட்டி கதவடியில் மூக்கை வைத்து முனக ஆரம்பித்தது. முனகல் ஊளையாவதற்குள் திரும்பி வந்தான்.

"திரும்பப் போம்."

போனான். வந்தான். வந்தபோது குட்டி மேலே தாவியது. தூக்கிக் கொஞ்சக் கை நீண்டது. குரு கையைப் பார்த்தார். கை மடங்கிக்கொண்டது.

ஆற்றிலிருந்து ஈரத்துணியோடு வந்த இசக்கியம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "என்ன தங்கப்பழம், எதையாவது தொலைச்சிட்டியா? கிணத்துக்கும் கதவுக்கும் அலையுறியே?"

அவன் பேசவில்லை. போனான். வந்தான். தொழுவம் வரை, கேட் வரை, பாலம் வரை. வெயில் சாய்ந்தபோது, இந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லையா என்பது போல உளுந்து அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்துவிட்டது.

மறுநாள் காலையில் பால் வண்டி வந்து முற்றத்தில் நின்றது. இசக்கியம்மா சாக்கோடு அறை வாசலில் நின்றாள்.

தங்கப்பழம் மண்டியிடவில்லை. முகத்தை ஏந்தவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டான், கதவைச் சாத்தினான், நடந்தான்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அவன் கால் நின்றது.

அங்கே கல்லின் மேல் குரு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"தினமும் இதே இடந்தானே?" என்றார். "ஊளை வார வரைக்கும் இங்கன நிப்பீரு. வந்த பிறகுதான் சூளைக்கு நடப்பீரு."

தங்கப்பழம் மறுக்கவில்லை.

இருவரும் கேட்டார்கள். பால் பாத்திரத்தின் சத்தம். மழைத் தண்ணீர் பாறையிலிருந்து சொட்டும் சத்தம். அறையிலிருந்து ஒன்றுமில்லை.

"இன்னிக்குச் சத்தத்தையே காணும்?" என்று உள்ளே இசக்கியம்மா சொன்னாள். சாக்கை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது.

"சத்தமே வரல சாமி" என்றான் தங்கப்பழம்.

"அதைத்தானே கேட்டீரு?"

"ஆமா."

"பிறகு ஏன் நிக்கீரு?"

அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்கட்டுமா சாமி? மெதுவா?"

"கூப்பிடும். பால் வண்டி நிக்கத்தான் செய்யுது."

தங்கப்பழம் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

குரு எழுந்தார். அவன் தோளைப் பிடித்து, காதருகே வாயை வைத்தார். அந்த ஒரு காதுக்கு மட்டும் கேட்கும்படி, மெல்ல, நீளமாக, உளுந்தின் குரலில் ஊளையிட்டார்.

தங்கப்பழத்தின் கை கேட் கம்பியை விட்டது.

"போதுமா அண்ணாச்சி?" என்றார் குரு. "சூளைக்கு நேரமாச்சு."