வெளுத்த ரத்தம்

நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் ஒரு மலைக்கோட்டை. அதில் ஒர்சோலா சீமாட்டி வாயைத் திறந்தால் வம்சப் பெருமைதான். பெற்ற மகனுக்குக்கூட அவள் பால் கொடுத்ததில்லை. "பால் என்பது வெளுத்த ரத்தம். பிரபு ரத்தத்தை வீணாக்கலாமா?" என்று சொல்லி, ஜாக்கோமா என்ற ஏழைப் பெண்ணைப் பால் கொடுக்க வைத்தாள்.

அந்த மகன் வளர்ந்து, கல்யாணமாகி, அவனுக்கும் ஒரு மகன் பிறந்தான். மருமகள் கிளேலியாவின் பாட்டனார் மாவரைத்துப் பிழைத்தவர் என்ற சேதி ஞானஸ்நானத்தன்றுதான் சீமாட்டியின் காதுக்கு எட்டியது. விருந்தாளிகள் முன்னால் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள்.

"மாவரைக்கிறவன் ரத்தம் என் வம்சத்தில் கலப்பதா?" என்று, பிள்ளையை ஏந்தி நின்ற ஜாக்கோமாவிடம் கத்தினாள். "அந்த ரத்தத்தை எடுத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டு வா. முடியாவிட்டால் தாயும் பிள்ளையும் கோட்டையை விட்டுப் போகட்டும்!"

கிளேலியா கண்கலங்கினாள். ஜாக்கோமா அசரவில்லை.

"எடுத்துவிடலாம் அம்மா. எப்படி என்று முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள்."

"நானா? யாரிடம்?"

"உங்கள் மகனிடம்தான். இரண்டு வருஷம் என் வெளுத்த ரத்தத்தைக் குடித்து வளர்ந்தவர். என் அப்பாவும் மாவரைக்கிறவர்தானே?"

கூடம் கொல்லென்று சிரித்தது. மகனும் சிரித்துக்கொண்டே பிள்ளையை வாங்கி அம்மா மடியில் வைத்தான். அது பசியில் வீரிட்டது.

"யாராவது பால் கொடுங்களேன்!" என்று பதறினாள் சீமாட்டி.

கிளேலியா கை நீட்டினாள். "என்னிடம் கொடுங்கள் அத்தை. மாவரைக்கிறவர்கள் எதையும் வீணாக்க மாட்டோம்."