பதில் வரும்வரை

செந்தாமரையிடம் சைக்கிள் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். இருந்தாலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அண்ணா, அக்கா என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே மலை மேட்டில் நாக்குத் தள்ள மிதிக்க வைத்துவிடுவார். அதிகம் பேசமாட்டார். யாராவது கேள்வி கேட்டால் பெரும்பாலும் "கிளம்பலாமுங்களா?" என்பதுதான் பதில்.

அவருடைய சீடர்களில் குழந்தைவேல் ஒருவர். ஐம்பதைக் கடந்தவர். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். ஒரு வருடமாக அவருடைய சைக்கிள் பரண்மேல் கிடந்தது. ஐப்பசி மாதத்துக் காலை ஒன்றில் அதை இறக்கித் துடைத்துக்கொண்டு மாஸ்டர் முன்னால் வந்து நின்றார்.

குருக்கத்திமலைக்குப் போக வேண்டும் என்றார். ஏறிவிடுவேன், இறங்க முடியுமா என்றுதான் தெரியவில்லை, இன்றைக்கு இறங்க முடியாவிட்டால் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்றும் சொன்னார்.

மாஸ்டர் அவருடைய டயரை அழுத்திப் பார்த்தார். கிளம்பலாமுங்களா என்றார்.

மலை இறக்கத்துக்கென்று மாஸ்டர் வைத்த முறை ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் சாலையில் கண்டதை உரக்கச் சொல்ல வேண்டும். குழி, கல், மணல், வண்டி என்று ஒற்றைச் சொல். பின்னால் வருகிறவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் முன்னால் போகிறவர் நின்றுவிட வேண்டும். பதில் வரும்வரை நகரக்கூடாது. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் மாஸ்டர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த முறையைக் கொஞ்சம் கெடுத்துவைத்தவர் ஒருவர்தான். குழந்தைவேலின் கூட்டாளி ஏகாம்பரம், அரிசி ஆலைக்காரர். "குழி" என்றால் "குழி மாப்ள" என்பார். "கல்" என்றால் "கல்லு மாப்ள" என்பார். ஒற்றைச் சொல் போதுமுங்கண்ணா என்று மாஸ்டர் சொல்லிப் பார்த்தார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? விட்டுவிட்டார்.

போன ஐப்பசியில் குழந்தைவேலும் ஏகாம்பரமும் மட்டும் இந்த மலையிலிருந்து இறங்கினார்கள். குழந்தைவேல் முன்னால். ராத்திரி பெய்த மழை பாறை வளைவில் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. "மணல்" என்றார். பின்னாலிருந்து "மணல்" என்று பதில் வந்தது. வளைவில் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பிக்கொண்டு இறங்கிப்போனார். அடிவாரத்துச் செக்போஸ்டில் காத்திருந்தார். ஏகாம்பரம் வரவில்லை.

திரும்ப ஏறிப்போனபோது அவருடைய சைக்கிளின் பின்சக்கரம்தான் முதலில் தெரிந்தது, சாலைக்குக் கீழே புதருக்குள். ஏகாம்பரம் அதற்கும் கீழே கிடந்தார். உயிர் இல்லை.

அந்த வளைவுக்கு எதிரே பெரிய பாறைச் சுவர் இருக்கிறது. யார் கத்தினாலும் திருப்பிச் சொல்லும். பதிலில் மாப்ள இல்லையே என்பது குழந்தைவேலுக்கு உறைத்தது ஈமக்காரியமெல்லாம் முடிந்த பிறகுதான். அன்றைக்கே உறைத்திருந்தால் நின்றிருப்பார். அந்த நினைப்பு அவரைத் தின்றது. அதிலிருந்து வீட்டில் யாராவது அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால்கூடக் குரல் கொடுக்கமாட்டார். எழுந்துபோய் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று மனைவி முதலில் கேலி செய்தார். பிறகு அவரும் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்.

மலை உச்சியில் ஒரு டீக்கடை. இருவரும் ஏறிப்போய்ச் சேர்ந்தபோது பனி இறங்கியிருந்தது. கடைக்காரர் முகம்கூட டீ கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

குழந்தைவேல் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பதில் சொல்றது ஆளா, மலையான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

மாஸ்டர் தன் டீயைக் குடித்து முடித்தார். ஹெல்மெட் வாரை இறுக்கினார்.

"கிளம்பலாமுங்களா? நான் முன்னால போறேன். விளக்கு தெரியாட்டிக் குரலைப் புடிச்சுட்டு வாங்க."

இறங்கினார்கள். மாஸ்டருடைய சிவப்பு விளக்கு முதல் வளைவுவரை தெரிந்தது. இரண்டாவது வளைவில் மங்கியது. அதற்குப் பிறகு பனிதான். மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. தன் சைக்கிளின் பல்சக்கரம் டிக்டிக்கென்று ஓடுவது மட்டும் குழந்தைவேலுக்குக் கேட்டது.

முன்னாலிருந்து குரல் வந்தது. "குழி."

"குழி" என்றார் குழந்தைவேல். பிரேக்கைப் பிடித்து ஒதுங்கினார். சரியாக அங்கே ஒரு குழி இருந்தது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

அப்போது பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல் அதையே சொன்னது. "குழி."

வந்தது இரண்டே பேர். இந்த இடத்தில் பாறை இல்லை. இரண்டு பக்கமும் காடுதான். குழந்தைவேல் திரும்பிப் பார்க்கவில்லை. மூடுபனி இறக்கத்தில் திரும்பிப் பார்ப்பது ஆபத்து என்று தனக்கே சொல்லிக்கொண்டார். உண்மையில் பார்க்கப் பயம்.

"குழி" என்று முன்னால் இன்னொரு முறை. அவர் சொன்னார். பின்னாலும் சொன்னது. ஒரு மூச்சு இடைவெளி விட்டு, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல்.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். முன்னாலிருந்து "கல்" என்று வந்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பின்னால் சத்தமில்லை.

கொஞ்சம் கழித்து முன்னாலிருந்து மறுபடி "கல்." குரல் தள்ளிப்போகவில்லை. முதலில் வந்த இடத்திலிருந்தே வந்தது. மாஸ்டர் நின்றுவிட்டார், முறைப்படி பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று புரிந்தது. வெட்கமாகப் போயிற்று.

"கல்" என்றார்.

"கல்" என்றது பின்னால்.

அதற்குப் பிறகுதான் முன்குரல் நகர்ந்தது. அடுத்து வந்தபோது எட்டத்தில் கேட்டது. குழந்தைவேல் அந்தக் குரலையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முன்னால் மாஸ்டர் இருக்கும்வரை பின்னால் எது வந்தாலும் வரட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த முருகன் பேரெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தன.

பாறை வளைவு நெருங்கியது. கண்ணுக்குத் தெரியவில்லை. காற்று அங்கே திரும்பி அடிக்கும், அதை வைத்துத் தெரிந்துகொண்டார்.

"மணல்" என்றது முன்குரல்.

ஒரு வருடமாக அந்தச் சொல்லைக் குழந்தைவேல் சொன்னதில்லை. பட்டறைக்குப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் சொன்னால்கூட உள்ளே போய்விடுவார். இரண்டு பிரேக்கையும் அழுத்தினார். சைக்கிள் லேசாக வழுக்கி நின்றது. கால் ஊன்றினார். ஈர மணலில் செருப்பு புதைந்தது.

அவர் பதில் சொல்லவில்லை. குரல் மறுபடி வந்தது. அதே இடத்திலிருந்து, அவசரமே இல்லாமல்.

"மணல் மாப்ள."

மாஸ்டர் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

குழந்தைவேலின் கைகள் ஹேண்டில்பாரைவிட்டு வரவில்லை. முன்னால் பார்த்தார். வெள்ளைப் பனி. பாறைச் சுவரும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை. அதே நேரம் பின்னாலிருந்து பல்சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது. டிக், டிக், டிக் என்று நெருங்கி வந்தது. போன வருடம் இதே இடத்தில் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதும் பார்க்க விருப்பமில்லை. இருந்தும், பார்க்காமல் போன ஒரு தடவை போதும் என்று தோன்றியது. சைக்கிளோடு சேர்ந்து முழுசாகத் திரும்பி நின்றார்.

பனிக்குள் ஒரு மஞ்சள் புள்ளி. அது பெரிதானது. விளக்கு. விளக்குக்குப் பின்னால் ஹெல்மெட். ஹெல்மெட்டுக்குக் கீழே மாஸ்டரின் முகம்.

மாஸ்டர் பிரேக் பிடித்து அவர் பக்கத்தில் நின்றார். முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் முன்னால் அல்லவா போனீர்கள் என்று குழந்தைவேல் கேட்டார்.

ரெண்டாவது வளைவிலேயே பின்விளக்கை அணைத்துவிட்டு ஓரமாக நின்றுவிட்டதாக மாஸ்டர் சொன்னார். அவர் பக்கத்திலேயே குழந்தைவேல் தாண்டிப் போனாராம். சொல்லியிருந்தால் முன்னால் போக ஒத்துக்கொண்டிருக்க மாட்டார், அதனால்தான் சொல்லவில்லையாம். அங்கிருந்து இதுவரை அவர் பின்னாலேயே, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஆளா மலையான்னு கேட்டீங்க" என்றார் மாஸ்டர். "நின்னு திரும்பிப் பாத்தீங்க. தெரிஞ்சுதுங்களா?"

குழந்தைவேல் தலையாட்டினார். அழுகை வந்தது. பின்னால் வந்தது மாஸ்டர் என்பதில் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"அப்ப முன்னால?" என்றார்.

"முன்னால என்னங்கண்ணா?"

"முன்னாலிருந்து ஒருத்தர் சொல்லிட்டே வந்தாருங்க. குழின்னா குழி இருந்துச்சு. கல்லுன்னா கல்லு இருந்துச்சு. நீங்கதான்னு நெனச்சு நான் திருப்பிச் சொன்னேன்."

"எனக்கு உங்க குரல் மட்டுந்தான் கேட்டுச்சு. நீங்களே பாத்துச் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"பனியில எனக்கு எதுவும் தெரியலீங்க மாஸ்டர்."

மாஸ்டர் குனிந்து தன் விளக்கைச் சாலையில் அடித்தார். வளைவின் அகலம் முழுக்க மணல் பரவிக் கிடந்தது. குழந்தைவேலின் சக்கரத் தடம் அதன் விளிம்பில் முடிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு தடமும் இல்லை.

"கடைசியா என்ன சொன்னாருங்க?"

குழந்தைவேல் வாயைத் திறந்தார். மூடினார். மணலைக் கையால் காட்டினார். கூடவே என்னை மாப்ள என்றும் கூப்பிட்டான் என்றார்.

"நீங்க பதில் சொன்னீங்களா?"

"இல்லீங்க."

மாஸ்டர் விளக்கை நிமிர்த்தி வளைவுக்கு அப்பால் பார்த்தார். பனி அசையவில்லை. எங்கோ ஒரு சொட்டு இலைமேல் விழுந்தது. பிறகு அவர் தன் சைக்கிளைப் பின்னுக்கு நகர்த்தி, குழந்தைவேலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

"பதில் வராம முன்னால போறவங்க நகரக் கூடாதுங்கறது நம்ம முறை. அவரு முறை தெரிஞ்ச ஆளு" என்றார் மாஸ்டர். "இன்னும் எத்தன நாளைக்குங்கண்ணா அவரை அங்கயே நிக்க வெப்பீங்க?"