பலகையின் முதல் வரி

கடம்பங்காட்டுக் குளக்கரையில் சடைச்சி என்ற கரடி ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருந்தது. பெரிய கடை என்று நினைத்துவிடாதீர்கள். அவித்த வள்ளிக்கிழங்கு, காளான் குழம்பு, இலுப்பைப்பூக் களி, நாவல்பழச் சாறு. நாலே நாலு பண்டம். எதை வாங்கினாலும் கிண்ணத்துக்கு ஒரு கட்டு விறகு. விறகைப் போட்டுவிட்டு யாரும் வந்து உட்காரலாம்.

கடைக்கு மேலே ஓர் ஆலமரம் நின்றது. அதன் நிழலுக்குள் யாரும் யாரையும் கடிக்கக் கூடாது. அடுப்பு எரிகிற இடத்தில் பல்லைக் காட்டக் கூடாது என்பது அந்தக் காட்டு வழக்கம். சிறுத்தைகூட அதற்குக் கட்டுப்பட்டது. அதனால் மானும் நரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து களி தின்றன.

கடையில் பாதி வேலை வெள்ளாயியின் வேலை. வெள்ளாயி ஒரு முயல். எந்த மண்ணுக்கு அடியில் கிழங்கு முற்றியிருக்கிறது என்று முகர்ந்தே சொல்லிவிடும். சடைச்சி தோண்டும். வெள்ளாயி இடம் காட்டாவிட்டால் அந்தக் கரடி நாள் முழுக்க வெறும் மண்ணைத்தான் அள்ளிக்கொண்டிருக்கும். ஏழு மழைக்காலம் இரண்டும் ஒரே அடுப்படியில் பாடுபட்டன.

கடைக்குப் பலகை கிடையாது. வெள்ளாயிதான் வாசலில் நின்று அன்றைக்கு என்ன இருக்கிறது என்று சொல்லும். எப்படிச் சொல்லும் தெரியுமா? “காளான் இன்னிக்கு நல்லா வந்திருக்கு. களி லேசா அடிப்பிடிச்சிருச்சு, அதை வாங்காதீங்க.” வியாபாரம் பண்ணுகிற யாராவது இப்படிச் சொல்வார்களா? வெள்ளாயி சொன்னது. அதனால்தான் மான் தன் குட்டிகளை அந்தக் கடைக்குத் தனியாக அனுப்பியது.

அப்புறம் எதிர்க்கரையில் மந்திகள் கடை திறந்தன. வாசலில் யானை உயரத்துக்கு ஒரு பலகை. அதில் முப்பது பண்டங்கள். போய்க் கேட்டால் மூன்றுதான் இருக்கும். மற்றதெல்லாம் இப்போதுதான் தீர்ந்தது என்று வாய் கூசாமல் சொல்லும். ஏமாந்த மிருகங்கள் கூட்டம் போட்டுப் புதுச் சட்டம் செய்தன. பலகையில் எழுதியதை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அன்றோடு அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கடையை மூட வேண்டும். அந்தச் சட்டம் வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியது சடைச்சி. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மந்திகள் லேசுப்பட்டவையா? முப்பதைப் பத்தாகக் குறைத்தன. பலகையை மட்டும் குறைக்கவில்லை. பூவும் கொடியும் வரைந்து பளபளவென்று வைத்தன. கூட்டம் முழுக்க அந்தப் பக்கமே போனது. சடைச்சி ஈ ஓட்டியது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துவிட்டால் காய்ந்த விறகு கிடைக்காது. அதற்குள் விறகு சேராவிட்டால் அடுப்பு அணைந்துவிடும். அணைந்த கடையை இந்தக் காட்டில் யாரும் மறுபடி திறந்து பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் வக்கணை வந்தது. வக்கணை ஒரு நரி. பேர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு கிண்ணம் களியை ஓசியில் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கடை ஏன் இப்படிக் கிடக்கிறது என்று தனக்குத் தெரியும் என்றது. தினமும் இரண்டு கிண்ணம் களி தந்தால் கடையைத் தூக்கி நிறுத்துவதாகவும் சொன்னது.

சடைச்சி சரி என்றது. நரி பாடம் நடத்த ஆரம்பித்தது. முதலில் ஒரு பலகை வேண்டும். முயல் வாயால் சொல்வது உதவாது. உண்மை பேசுகிற வாய் வியாபாரத்துக்கு ஆகாது. களியைக் களி என்று எழுதக் கூடாது. ‘மலையடிவாரத்து இலுப்பைத் தேன்களி’ என்று எழுத வேண்டும். அடிப்பிடித்திருந்தால் ‘புகைமணம் கமழும்’ என்று முன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டு விறகை மூன்று கட்டாக்க வேண்டும்.

மூன்று கட்டு என்றதும் சடைச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு யார் கொடுப்பார்கள் என்று கேட்டது.

“அங்கதான் சூட்சுமம் இருக்கு” என்றது வக்கணை. “பலகையில எல்லார் கண்ணும் முதல் வரியிலதான் விழும். அதுல இருபது கட்டுக்கு ஒரு பண்டம் எழுது. அதைப் பார்த்து மலைச்சுப்போய்க் கீழே வந்தா, மூணு கட்டு மலிவாத் தெரியும். மேல இருக்கிறதை யாரும் கேட்க மாட்டாங்க. அது விக்கிறதுக்கு இல்ல. கீழே இருக்கிறதை விக்கிறதுக்கு.”

“இருபது கட்டுக்கு என்கிட்ட என்ன இருக்கு?”

நரி சுற்றும் முற்றும் பார்த்தது. வெள்ளாயி அடுப்படியில் குனிந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தது.

“முயல் வறுவல்னு எழுது” என்றது.

சடைச்சி பொரிந்து தள்ளிவிட்டது. நரியைக் கடையைவிட்டே விரட்டப் போனது. நரி அசையவில்லை. யார் முயலை வறுக்கச் சொன்னது, எழுதத்தானே சொன்னேன் என்றது. இருபது கட்டு விறகைச் சுமந்துகொண்டு எந்த மடையன் வருவான் என்றது. வேறு எதை எழுதினாலும் எவனாவது கேட்டுவிடுவான், இந்த ஒன்றைத்தான் இந்தக் காட்டில் எவனும் வாய் திறந்து கேட்க மாட்டான் என்றது. கேட்கக் கேட்கச் சடைச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. நாம் ஆசைப்படுகிற பக்கமே ஒருவன் பேசினால் எல்லாம் நியாயமாகத்தான் படும்.

இதில் கொடுமை எது தெரியுமா? கடையில் எழுதத் தெரிந்தது வெள்ளாயிக்கு மட்டும்தான். கரடியின் நகம் பட்டால் எழுதுகிற மரப்பட்டை கிழிந்துவிடும். ஆகவே வேங்கைப் பட்டையையும் கரித்துண்டையும் சடைச்சி வெள்ளாயியிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தது. என்ன எழுத வேண்டும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னது.

வெள்ளாயி கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சடைச்சியை ஏறிட்டுப் பார்த்தது.

“அக்கா, இது நல்லாவா இருக்கு?”

“பலகைக்குத்தான் புள்ள. யார் கேட்கப் போறா? மழைக்கு முன்னால நாலு விறகு சேர்ந்தா நீயும் நானும்தானே பிழைப்போம்.”

ஏழு மழைக்காலம் கூட இருந்தவள் சொல்கிறாள். வெள்ளாயி என்ன செய்யும்? தன் இனத்தின் பேரைத் தன் கையாலேயே முத்து முத்தாக எழுதியது. பக்கத்தில் இருபது கட்டு என்றும் எழுதியது. சுற்றிக் கட்டம் போடச் சொன்னது நரி. கட்டமும் போட்டது.

நரி சொன்னது அப்படியே பலித்தது. அதைச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். வருகிற மிருகங்கள் முதல் வரியைப் பார்த்து வாயைப் பிளந்தன. பிறகு கீழே வந்து, மூன்று கட்டுதானே என்று தேன்களி வாங்கின. போன மாதம் ஒரு கட்டுக்குத் தின்ற அதே களிதான். பத்தே நாளில் மந்திகள் கடை காலியானது. சடைச்சியின் கொட்டகையில் விறகு இடுப்பு உயரம் ஏறியது.

ஆனால் முயல்கள் வருவதை நிறுத்தின. முதலில் குட்டிகள் வரவில்லை. அப்புறம் பெரியவையும் வரவில்லை. வெள்ளாயியின் கூடப்பிறந்த அக்கா குளத்தில் தண்ணீர் குடிக்க வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. சாப்பிட வருகிறவர்களும் மாறிவிட்டார்கள். முன்பு வெள்ளாயியின் முகத்தைப் பார்த்து என்ன நல்லா இருக்கு என்று கேட்டவர்கள், இப்போது முதல் வரியைப் படித்துவிட்டு வெள்ளாயியை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒரு கீரி இருபது கட்டு பெறுமா என்று கேட்டுச் சிரித்தது. பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வெள்ளாயிக்கு உடம்பு கூசியது.

அன்றைக்கே அந்த வரியை அழித்துவிடச் சொல்லி வெள்ளாயி கேட்டது. சடைச்சி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போகத்தான் போனது. பலகைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். துணியோடு திரும்பி வந்தது. இந்த வாரம் போகட்டும் என்றது. அடுத்த வாரம் கேட்டபோது, முதல் மழை விழட்டும் என்றது. மூன்றாம் முறை வெள்ளாயி கேட்கவில்லை.

முதல் மழைக்கு இரண்டு நாள் முன்னால், நல்ல மத்தியானத்தில், சிறுத்தை வந்தது.

தனியாக வரவில்லை. பின்னாலேயே நாலு காட்டுப்பன்றிகள் விறகு சுமந்து வந்தன. இருபது கட்டு. எல்லாம் நன்றாகக் காய்ந்த கருவேல விறகு. அவற்றை வாசலில் இறக்கச் சொல்லிவிட்டு, ஆலமரத்தடியில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தது. கடையில் அத்தனை வாயும் மெல்லுவதை நிறுத்திவிட்டது.

“முதல் வரியில இருக்கிறது ஒண்ணு” என்றது சிறுத்தை.

சடைச்சி வக்கணையைத் தேடியது. நரி தன் களிக் கிண்ணத்தோடு அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கி, தீர்ந்துபோச்சுன்னு சொல்லு என்று கிசுகிசுத்தது. சடைச்சியும் அப்படியே சொன்னது.

“தீர்ந்துபோச்சா? அதோ தண்ணிக் குடத்தோட நிக்குதே” என்றது சிறுத்தை.

எல்லோரும் திரும்பினார்கள். வெள்ளாயி நின்ற இடத்திலேயே நின்றது.

சிறுத்தை கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பேசியது. இந்த நிழலில் யாரையும் தொடக் கூடாது என்பது தெரியும், தான் தொடப் போவதும் இல்லை என்றது. வறுத்துக் கொடுக்க வேண்டியது கடைக்காரி பாடு. முடியாதென்றால் சட்டப்படி அடுப்பில் தண்ணீர் ஊற்றட்டும், விறகைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்றது.

கடையே சடைச்சியைப் பார்த்தது. ஒரு குடம் தண்ணீர், அவ்வளவுதான் வேலை. குடம் வெள்ளாயியின் இடுப்பில்தான் இருந்தது. வாங்கி ஊற்றியிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். கடை போயிருக்கும், வேறொன்றும் போயிருக்காது.

சடைச்சி வெள்ளாயியைப் பார்த்தது. பிறகு வாசலில் கிடந்த விறகைப் பார்த்தது. வானத்தைப் பார்த்தது. மறுபடி வெள்ளாயியைப் பார்த்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், தினமும் நூறு பேரிடம் சொல்லிப் பழகின வார்த்தையை வாய் தானாகச் சொல்லியது.

“கொஞ்சம் பொறுங்க, இதோ ஆச்சு.”

வெள்ளாயி குடத்தைக் கீழே போட்டது. ஒரே பாய்ச்சலாக நிழலைவிட்டு வெளியே ஓடியது. நிழலுக்கு வெளியே சிறுத்தைக்கு எந்த வழக்கமும் இல்லை. அது ஓர் அடி அடித்தது. முயல் தாழம்புதருக்குள் புகுந்துவிட்டது. வெள்ளாயியின் பாதிக் காது மட்டும் மணலில் கிடந்தது.

மான்கள் எழுந்தன. உடும்பு எழுந்தது. பாதித் தின்ற கிண்ணங்களை வைத்துவிட்டு எல்லோரும் போனார்கள். இதோ ஆச்சு என்று அந்த வாயிலிருந்து வந்த பிறகு அந்த நிழலை யார் நம்புவார்கள்? உடைந்த குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் சடைச்சி தானே அடுப்பில் ஊற்றியது. அப்போது அதைப் பார்க்கக்கூட ஆள் இல்லை. சிறுத்தை விறகைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டது. வக்கணையோ அதற்கு முன்பே எதிர்க்கரைக்குப் போய், மந்திகளின் பலகையில் முதல் வரி சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

மழை விட்டபிறகு சடைச்சி தாழம்புதருக்குப் போனது. வெள்ளாயி வெளியே வந்தது. அறுந்த காது சரியாகக் கேட்காததால் தலையைச் சாய்த்து நின்றது. சடைச்சி தேம்பித் தேம்பி அழுதது. சத்தியமாக உன்னைக் கொடுத்திருக்க மாட்டேன் என்றது. அது பலகைக்குத்தானே எழுதியது, உனக்கே தெரியுமே என்றது.

“தெரியும் அக்கா. எழுதினது நான்தானே” என்றது வெள்ளாயி. “நீ கொடுத்திருப்பியா மாட்டியான்னு எனக்குத் தெரியாது. ஆனா என்னைப் பார்த்த கண்ணாலேயே விறகையும் பார்த்த. அதை நான் பார்த்துட்டேன்.”

சொல்லிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் கரடி குளக்கரையில் தனியாகக் கிழங்கு தோண்டுகிறது. பெரும்பாலும் மண்தான் வருகிறது.

விற்கக் கூடாததை விளம்பரத்துக்காகக்கூட விலை போட்டு எழுதாதே. எழுதினால் ஒருநாள் அதற்கும் ஆள் வரும், அன்றைக்கு உன் கை தயங்கும்.