மொட்டையன் பாஸான கதை

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சென்னியப்பன் என்பவரிடம் வாடகைக்கு ஓடும் வேன் ஒன்று இருந்தது. அதன் முன்பக்க இடது டயருக்கு மொட்டையன் என்று பெயர். ஓடி ஓடி வரியெல்லாம் தேய்ந்து, தோசைக்கல் மாதிரி வழவழவென்று ஆகியிருந்தது. போதாக்குறைக்கு ஒரு ஓரத்தில் கம்பி வேறு எட்டிப் பார்த்தது.

மொட்டையனுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. எப்படியாவது ஃபெயிலாகிவிட வேண்டும்! வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் எஃப்.சி. என்ற வண்டித் தகுதிச் சான்றிதழ்ச் சோதனையில் ஆய்வாளர் தன்னைப் பார்த்து, "இதைக் கழற்றிப் போடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்ளும். தன்னால் எந்த உயிருக்கும் எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று உருளும் நேரமெல்லாம் அது உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

சோதனை நாளும் வந்தது. சென்னியப்பன் வேனுக்குப் புது பெயின்ட் அடித்தார், கண்ணாடிக்குப் பொட்டு வைத்தார். பிறகு மொட்டையனைக் கழற்றி ஷெட் மூலையில் சாத்திவிட்டு, அந்த இடத்தில் பளபளவென்று வேறொரு டயரை மாட்டினார்.

"நீ யாரப்பா?" என்றது மொட்டையன்.

"என்னைத் தெரியாதா? நான் எஃப்.சி. டயர். ஒரு நாள் வாடகைக்கு வந்திருக்கிறேன். இந்த மாசம் மட்டும் பதினெட்டு வண்டியை பாஸாக்கியிருக்கிறேன்."

"நீ போன பிறகு அந்த வண்டிகள் எதை நம்பி ஓடுகின்றன?"

"அது எனக்கெதற்கு? பரீட்சை எழுதுவது மட்டும்தான் என் வேலை. பாடம் படித்தாயா என்று என்னைக் கேட்காதே."

அதனுடன் ஒரு தீயணைப்புக் குப்பியும் வாடகைக்கு வந்து, முன் சீட்டில் மாப்பிள்ளைத் தோரணையில் உட்கார்ந்திருந்தது.

போகிற வழியில் புகைச் சான்று வாங்க நிறுத்தினார்கள். அங்கிருந்தவர் நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்தார், காகிதத்தை நீட்டினார். தெரு முழுக்கக் கரியைக் கக்கிவந்த புகைக்குழாய் இருமிக்கொண்டே, "அண்ணே, என்னை யாரும் பார்க்கவே இல்லையே?" என்றது.

"என் முகத்தைப் பார்த்தாயிற்று. உனக்கும் சேர்த்துத்தான்" என்றது நம்பர் பிளேட்.

சோதனை நடக்கும் மைதானத்தில் இருந்த ஆய்வாளர் நாணயமானவர். வெயிலில் குனிந்து, டயரின் வரியை விரலால் தடவிப் பார்த்தார். "டயர் நல்லாருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பாவம், அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

சாயங்காலமே எஃப்.சி. டயர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டது. மொட்டையன் மறுபடியும் பழைய இடத்துக்கு வந்தது.

"ஐயோ, நான் பரீட்சைக்கே போகவில்லையே!" என்று அலறியது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த சான்றிதழ் சிரித்தது. "போகாவிட்டால் என்ன? நீ பாஸ். வாழ்த்துகள்!"

இதுகூடப் பரவாயில்லை. சென்னியப்பனுக்கு நடந்ததுதான் வேடிக்கை. முதல் இரண்டு நாள் தான் செய்த தில்லுமுல்லு அவருக்கு ஞாபகம் இருந்தது. மூன்றாம் நாள், சவாரிக்கு வந்தவர்களிடம் சான்றிதழைக் காட்டிப் பெருமை பேசினார். ஒரு வாரத்தில் அதை அவரே நம்பிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மலைக்கோயிலில் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. சொந்தபந்தமெல்லாம் வேனில் ஏறியது. மகள் தேன்மொழி கைக்குழந்தையோடு முன் சீட்டில், மொட்டையனுக்கு நேர் மேலே உட்கார்ந்தாள். மனைவி பரிமளாவின் கண்ணில் டயர் பட்டது.

"ஏனுங்க, கம்பி தெரியுதுங்களே. இதோட மலையேறலாமுங்களா?"

"எஃப்.சி. முடிச்சு இன்னைக்கு எட்டாம் நாளு. ஆபீசரே குனிஞ்சு பாத்து நல்லாருக்குன்னுட்டாரு. அவரை விட உனக்குத் தெரியுமாக்கும்? ஏறு ஏறு!"

காதுகுத்து நல்லபடியாக முடிந்தது. மத்தியானம் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வேன் ஒன்பதாம் வளைவை நெருங்கியது. வளைவும் ஒரு ஆய்வாளர்தான். ஆனால் அதற்கு முன்கூட்டித் தேதி வாங்க முடியாது.

"வா. டயரைக் காட்டு" என்றது வளைவு.

சான்றிதழ் முந்திக்கொண்டது. "இதோ நான் இருக்கிறேன். முத்திரையைப் பார், கையெழுத்தைப் பார்."

"எனக்குப் படிக்கத் தெரியாது. டயர் எங்கே?"

"என்னை நம்பாதே! மேலே குழந்தை இருக்கிறது!" என்று மொட்டையன் கதறியது. பிரேக் தன்னால் ஆனமட்டும் பிடித்துப் பார்த்தது. பிடித்து என்ன செய்ய? ஈரத் தாரில் ஊன்றிக்கொள்ள மொட்டையனிடம் ஒரு வரிகூட இல்லை. வழுக்கிக்கொண்டே போய், கல்லில் உரசி, படீரென்று வெடித்தது.

வேன் தடுப்புச்சுவரில் மோதி, பாதிச் சுவரைப் பெயர்த்துக்கொண்டு நின்றது. மொட்டையன் பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கியது. பின்கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். தேன்மொழிக்குக் கை முறிந்திருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. அழுகிறதே என்பதுதான் எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது.

பரிமளா தொங்கிய டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, ஆபீசர் பாத்த டயரு இதுதானுங்களா?"

சென்னியப்பனும் அந்த டயரைப் பார்த்தார். "இல்ல பரிமளா. அது வேற. ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தது."

"ஆபீசர் பாக்கறதுக்கு நல்ல டயரு. நம்ம புள்ளையும் பேத்தியும் ஏறிட்டு வர்றதுக்கு இதுங்களா?"

ஆசைப்பட்டபடியே மொட்டையன் ஃபெயிலாகிவிட்டது. அதற்காகச் சந்தோஷப்பட அதனால் முடியவில்லை.

அதே நேரம், கீழே மைதானத்தில், எஃப்.சி. டயர் ஒரு பள்ளிக்கூட வேனில் மாட்டியிருந்தது. ஆய்வாளர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார்.

"டயர் நல்லாருக்கு" என்றார்.