சும்மா இருக்கறவங்க மடியில பிள்ளை

முன்னொரு காலத்துல, எந்த ராஜ்ஜியம்னு மட்டும் கேக்காதீங்க, ஒரு ராஜாவுக்குத் திடீர்னு ஆசை வந்துடுச்சு. குளத்துல அன்னப்பட்சி மாதிரி ஒரு தங்கப் படகு விடணுமாம். தங்கத்துக்கு எங்க போறது?

மந்திரி நீலகண்டராயருக்கு விகடகவி மூக்காண்டியக் கண்டாலே ஆகாது. மூக்காண்டி பேச்சக் கேட்டுத்தான் ராஜா, அரண்மனை வேலைக்காரங்க பிள்ளைங்களுக்குன்னு ஒரு தொட்டில் கொட்டகை வச்சிருந்தாரு. பிள்ளைங்களுக்குப் பாலு, ஆயாக்களுக்கு நெல்லு, எல்லாம் அரண்மனைச் செலவு. ராயர் அதுலதான் கைய வச்சாரு.

"பிரபு, கொட்டகைச் செலவை நிறுத்திவிடலாம். வீட்டுக்கு வீடு யாராவது சும்மா இருக்கத்தானே செய்வார்கள்?"

"நல்ல யோசனை! எவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரோ, அவரே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது என் ஆணை."

"அதை மூக்காண்டியே நிறைவேற்றட்டும், பிரபு. ஒரு பிள்ளை விடுபட்டாலும் அவர் நாட்டை விட்டே போகட்டும்!"

அன்னிக்கே கொட்டகைய மூடிட்டாங்க. அரண்மனையில மாவாட்டுற பூவாத்தா இடுப்புல பிள்ளையோட மூக்காண்டிகிட்ட ஓடி வந்தா.

"அண்ணே, தனியா ஆள் வச்சா என் கூலி பூரா அவளுக்கே போயிடும். வேலைய விட்டா சோத்துக்கு என்ன பண்ணுவேன்?"

"உங்க வீட்ல சும்மா இருக்கறது யாரு தாயி?"

"மாமியா கீரை விக்குது. மாமனாரு ஆடு மேய்க்குறாரு. வீட்டுக்காரரு பல்லக்கு தூக்குறாரு. பூனைதாண்ணே சும்மா இருக்கு."

மூக்காண்டி ஊர் முச்சூடும் சுத்திப் பாத்தாரு. எல்லா வீட்லயும் இதே கததான்.

மறுநாள் சபை கூடிச்சு. பிள்ளைப் பட்டாளத்தோட உள்ள வந்த மூக்காண்டி, மடிக்கு ஒண்ணா உக்கார வச்சாரு. ராயர் மடியில ரெண்டு. பூவாத்தா மக நேரா ராஜா மடியில!

"என்ன இது, மூக்காண்டி?"

"தங்கள் ஆணைதான் பிரபு. நாடெல்லாம் தேடினேன். சும்மா உட்கார்ந்திருப்பவர்களை இங்கேதான் கண்டேன்."

"நாங்கள் சும்மாவா இருக்கிறோம்? ஆலோசனை செய்கிறோம்!"ன்னு ராயர் கத்துனாரு.

"தாராளமாகச் செய்யுங்கள் ஐயா. வேலை வாய்க்குத்தானே? மடி காலியாகத்தானே இருக்கிறது?"

எங்க ஆலோசனை பண்றது? ஒண்ணு ராயர் மீசையில தொங்குது. இன்னொண்ணு அவரு பட்டு வேட்டிய நனைச்சுடுச்சு. தளபதி நாலு கால்ல யானையா நடக்குறாரு. உச்சி வெயில் வர்றதுக்குள்ள ராயரே கையெடுத்துக் கும்பிட்டுட்டாரு.

"பிரபு, ஆயாக்களை அழையுங்கள்! படகே வேண்டாம்!"

ராஜா ரகசியம் பேசற மாதிரி சொன்னாரு. "பாலும் நெல்லும் இன்றே கொட்டகைக்குப் போகட்டும். ஆயாக்கள் இருவரைக் கூடுதலாகவே சேருங்கள். மெதுவாகப் பேசும், ராயரே!"

ஏன்னா பூவாத்தா மக அவரு மடியிலயே தூங்கிடுச்சு. ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கல. சத்தம் வராம வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிக்குறாரு. மூக்காண்டிக்குத் தன் கழுத்துல கெடந்த முத்துமாலையக் குடுத்துடலாம்னு பாத்தா, அத அந்தப் பொண்ணு கெட்டியா புடிச்சுக்கிட்டு இருக்கு.

"பரிசு உமக்குத்தான், மூக்காண்டி. இவள் கண் விழிக்கட்டும்."

"அவசரமே இல்லை பிரபு"ன்னு மூக்காண்டி பக்கத்துலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டாரு.