அகல முதுகுக் குதிரையும் அரசர் அளவும்

மாங்கரை நாட்டை மகரவர்மன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். எவ்வளவு பழைய காலமென்றால், மந்திரிகளிடம் ஜனங்கள் யோசனை கேட்ட காலம். அவருடைய மந்திரி அம்பலவாணன் நான்தான். மகா புத்திசாலி என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கம். ராஜாவுக்கான பொருள் எதுவும் ராஜாவின் அளவில்தான் செய்யப்பட வேண்டும். சேணமும் அப்படியே. ராஜாவின் இடுப்பை அளந்து, அந்த அளவுக்கு மரச்சட்டம் செய்து, மேலே தோல் தைப்பார்கள். குதிரையை யாரும் அளப்பதில்லை. அது ராஜாவுக்கு இழுக்காம். மகரவர்மர் முருங்கைக்காய் போல ஒல்லி. அதுவரை லாயத்துக்கு வந்த குதிரைகளும் ஒல்லி. அதனால் யாருக்கும் வம்பில்லை.

அந்த வருடம் அண்டை நாட்டிலிருந்து மேகம் என்றொரு குதிரை பரிசாக வந்தது. முதுகு நெல் பத்தாயம் போல அகலம். சேணத்தைக் கட்டி ராஜா ஏறினார். மூன்றாவது எட்டில் தரையில் கிடந்தார்.

“அம்பலவாணரே, என்ன செய்யலாம்?”

நான் தாடியைத் தடவினேன். குதிரையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதற்கு நான்கு கால் என்பது மட்டுமே. அதைச் சபையில் சொல்ல முடியுமா?

“சேணத்துக்கு அடியில் இரண்டு கம்பளி கூடுதலாகப் போடலாம், பிரபு. மெத்தென்று இருக்கும்.”

சபை கைதட்டியது. மறுநாள் ராஜா முதல் எட்டிலேயே சாணக் குவியலில் விழுந்தார்.

சேனாதிபதி ரணதீரர் இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே பிறந்தவர் போல எழுந்தார். என்மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை. “பிரபு, மந்திரியின் கம்பளியைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இது குதிரையின் திமிர். அதை வளர்ப்பவனின் துரோகம்!”

வளர்ப்பவன் லாயக்காரன் ஒச்சப்பன். ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்: “விஜயதசமிக்கு எட்டு நாள் இருக்கிறது. ஊர்வலத்திலும் நான் விழுந்தால் குதிரை செக்கிழுக்கட்டும். ஒச்சப்பன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்.”

அன்று மாலையே லாயத்துக்குப் போனேன். ஒச்சப்பன் குதிரையின் தோளுக்குப் பின்னால் காட்டினான். இரண்டு பக்கமும் முடி உதிர்ந்து, தோல் சிவந்திருந்தது.

“சேணம் குறுகல் சாமி. சட்டம் ரெண்டு பக்கமும் கிள்ளுது. நீங்க போட்ட கம்பளியில இன்னும் இறுகிப் போச்சு.”

“இதை முதல் நாளே சொல்வதற்கென்ன?”

“சொன்னேனுங்க. ‘யோசித்துக்கொண்டிருக்கிறேன், தொந்தரவு செய்யாதே’ன்னீங்க.”

குதிரை என்னைப் பார்த்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

ராஜாவிடம் நேராகச் சொல்லவும் வழியில்லை. முன்பொருவர் அரண்மனைக் கட்டில் நீளம் போதவில்லை என்று சொன்னார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சபையில் இப்படிச் சொன்னேன்:

“பிரபு, சேனாதிபதியின் விசுவாசத்துக்கு மரியாதை செய்ய வேண்டும். தங்கள் பாத அளவிலேயே அவருக்கு ஒரு ஜோடி பாதரட்சை! ஆயுத பூஜையன்று அதை அணிந்து அவர் தங்களுக்கு முன்னே நடக்கட்டும்.”

ரணதீரருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல்முறையாக என்னை அன்போடு பார்த்தார். எனக்குக் கூசியது. ஆனாலும் யோசனையைத் திரும்பப் பெறவில்லை. நான் அவ்வளவு நல்லவன் இல்லை. அவருடைய பாதங்கள் முறம் மாதிரி.

ஆயுத பூஜையன்று ராஜா திறந்த தேரில் பின்னால் வர, பாதி வீதிக்குள் ரணதீரர் ஒரு காலைத் தூக்கினார். பிறகு மற்றதைத் தூக்கினார்.

“என்ன ஆட்டம் இது?” என்றார் ராஜா.

“உற்சாகம், பிரபு!” என்றார் ரணதீரர்.

நான் சேனாதிபதியின் காதருகே போய், “உள்ளே கொஞ்சம் பட்டுத்துணி வைத்துக்கொள்ளுங்கள். மெத்தென்று இருக்கும்” என்றேன்.

வைத்துக்கொண்டார். பத்தடி போனார். பிறகு “ஐயோ!” என்று உதறிய உதறலில் ஒரு பாதரட்சை பறந்து போய் ராஜாவின் மடியிலேயே விழுந்தது.

“ரணதீரரே! என்ன திமிர் இது?”

“திமிர் இல்லை பிரபு! அளவு தங்களுடையது, கால் என்னுடையதல்லவா? இப்படிக் கிள்ளினால் உதறாமல் என்ன செய்யும்?”

ராஜா மடியில் கிடந்ததைக் கையில் எடுத்தார். தன் காலைப் பார்த்தார், சேனாதிபதியின் காலைப் பார்த்தார். அவர் உடம்புதான் ஒல்லி, புத்தி மந்தமில்லை.

“குதிரைக்கும் இதேதானா, அம்பலவாணரே?”

“இதேதான், பிரபு.”

“ரணதீரரே, உதறியது துரோகமென்றால் உம்மை எந்தச் செக்கில் கட்டுவது?”

சேனாதிபதி தலை குனிந்தவர், அன்று முழுக்க நிமிரவில்லை.

ஒச்சப்பன் ஈரப் பிரம்பை மேகத்தின் முதுகில் வளைத்து அதன் வடிவை எடுத்தான். தச்சர்களும் தோல்காரர்களும் கூடி, விடிவதற்குள் அந்த வடிவில் அகலமான சேணம் செய்து முடித்தார்கள். விஜயதசமியன்று ராஜா ஊரை மூன்று முறை சுற்றி வந்தார். மேகம் காதைக்கூட அசைக்கவில்லை.

“இந்தச் சூட்சுமத்தைக் கண்டவருக்குப் பட்டமும் பல்லக்கும்!” என்றார் ராஜா. சபை முழுக்க என்னையே பார்த்தது. நான் உடனே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உடனே சொல்லவில்லை. பல்லக்கு மிக அழகாக இருந்தது. ஒச்சப்பன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்; லாயக்காரர்கள் சபைக்குள் வரக்கூடாது.

“அதோ அவன், பிரபு” என்றேன் கடைசியில். “முதல் நாளே சொன்னான். நான்தான் கேட்கவில்லை.”

“அப்படியானால் உமது புத்தி எதற்கு?”

“அவன் இரண்டு வார்த்தையில் சொன்னதைப் பத்து நாளில் சொல்வதற்கு, பிரபு.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஒச்சப்பனை உள்ளே அழைத்துப் பட்டம் கட்டினார். பல்லக்கும் கொடுத்தார். அவன் ஏறவில்லை. தூக்குகிறவர்களின் தோளுக்கும் கம்புக்கும் நடுவே கையை விட்டு, எங்கே அழுத்துகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருடம் பல்லக்கில் போயிருக்கிறேன்.