கடல் விட்டுப்போன இருநூறு தப்படி

மூன்று பேர் ஒரே நிலத்தைக் கேட்டார்கள். யார் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊர் சொன்ன தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தமான் கடலில் ஒரு சிறு தீவு. ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய முப்பது குடும்பங்கள். ஒரு காலையில் பூமி நடுங்கி ஓய்ந்தபோது தீவு சாய்ந்திருந்தது. மேற்குக் கரை இடுப்பளவு எழும்ப, கடல் இருநூறு தப்படி பின்வாங்கியது. கிழக்குக் கரை தாழ்ந்து, காத்தானின் வீடும் நெல்வயலும் உப்புத் தண்ணீருக்குள் போயின. மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் அவன் பள்ளிக்கூடத்தில் தங்கினான். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

நிலநடுக்கத்தை ஆராய வந்த அதிகாரி ஊரைக் கூட்டி விளக்கினார். பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. தீவுக்கு மேற்கே, கடலடியில், ஒரு துண்டு இன்னொன்றின் அடியில் நுழைந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் உரசிப் பிடித்துக்கொள்வதால் மேல்துண்டின் விளிம்பும் கூடவே மெல்லக் கீழே இழுபடுகிறது. பிடி நழுவும் நாளில் விளிம்பு மேலே துள்ளும். அதற்குப் பின்னால் இருப்பது தாழும். நுழைவது எப்போது நிற்கும் என்று ஒருவர் கேட்டார். மனிதர் காலத்தில் நிற்காது என்றார் அதிகாரி.

மேற்குக் கரையில் சேவுகனின் தென்னந்தோப்பு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அளந்து கொடுத்த பட்டாவில் மேற்கு எல்லை கடல் என்றிருந்தது. கடல் எதுவரை போனாலும் அதுவரை தன் நிலம் என்று ஊர்த்தலைவர் கூட்டிய கூட்டத்தில் சொன்னான்.

காத்தான் அவனுக்கு மைத்துனன். "கடல் அக்கரைக்கே போயிருந்தா அக்கரையும் உன் தோப்புதானா மச்சான்?" என்று கேட்டான். கூட்டம் சிரித்தது, அவன் சிரிக்கவில்லை. தீவு ஒரே பலகை, அந்த முனை எழும்பியதால்தான் என் முனை அமிழ்ந்தது, எழும்பியதில் வீடு கட்ட எனக்கு இடம் வேண்டும் என்றான்.

மூன்றாவது இருளாயி, சிப்பி பொறுக்கிப் பிழைக்கும் விதவை. முப்பது வருடத்துக்கு முன் அவள் புருஷனை மேற்குக் கரையில், அலை எட்டாத இடத்தில் புதைத்தார்கள். கடல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பத்தாம் வருடம் அந்த இடத்தை மூடிவிட்டது. அதன்பிறகு தோணியில் போய்த்தான் பூப் போட்டாள். இப்போது சுற்றிலும் பதித்த ஐந்து கற்களும், சிப்பி ஒட்டியபடி, வெயிலில் தெரிந்தன.

"எனக்கு மண்ணு வேண்டாம் தலைவரே," என்றாள். "எழும்புன இடத்துல யாரும் வெட்டக்கூடாது, கட்டக்கூடாது. அது கெடந்தபடி கெடக்கட்டும்."

செத்தவருக்கு இடம் உண்டு, உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு இல்லையா என்று காத்தான் கேட்டான்.

இவர்களில் யார் கேட்டது சரி?

விடை: இருளாயி கேட்டதே சரி. அது புது நிலம் அல்ல, முன்பு அமிழ்ந்த நிலம். அந்தக் கற்களே சாட்சி. அடியில் இழுப்பது நிற்காதவரை அது மறுபடியும் அமிழும். சேவுகனின் பட்டாவை எழுதிய நாளில் அது கடலுக்கு அடியில் கிடந்தது. காத்தானுக்கு இடம் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அங்கே கொடுத்தால் அவன் பேரப்பிள்ளைகளும் ஒருநாள் வீட்டைக் கடலுக்கு விட வேண்டும். சேவுகன் தோப்பின் மேட்டில் கொடுத்திருக்கலாம். எங்கள் தலைவர் முழுவதையும் சேவுகனுக்கே விட்டுக்கொடுத்தார். காத்தான் குடும்பத்தோடு தீவை விட்டுப் போனான். சேவுகன் அந்தக் கற்களைப் பெயர்த்துவிட்டுத் தென்னங்கன்று நட்டான். போன ஆவணி அமாவாசையில் கடல் ஏறியபோது கடைசி வரிசைக் கன்றுகளின் அடியில் உப்புத் தண்ணீர் நின்றது. போய்ப் பார்த்தேன். எனக்கு வருத்தம் வரவில்லை.